கழிக்கத் தெரியாத அலமாரி

மலேசியத் தமிழ் இலக்கியக் கூட்டம் எதுவாக இருந்தாலும் கடைசி அரைமணி நேரத்தில் ஒருவர் எழுந்து ‘நம்மகிட்ட எழுத்தாளன் இருக்கான், வாசகன்தான் இல்ல’ என்பார். அரங்கு தலையாட்டும். பிறகு தேநீருக்குப் போவோம். வாசகன் ஏன் இல்லை என்பதற்கு நாம் கைவசம் வைத்திருக்கும் பதில்கள் எல்லாமே பெரிய பதில்கள்: கைப்பேசி, சினிமா, தோட்டங்கள் உடைந்தது, வீட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர். ஆண்டு 3 படிக்கும் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் கேட்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. சிறுகதைப் பட்டறை, வாசிப்பு முகாம் என்று தமிழ்ப்பள்ளிகளுக்கு அழைப்பார்கள். போனால் முதலில் நூல்நிலையத்தைத் திறந்து காட்டச் சொல்வேன். பெயர்ப்பலகையில் ‘பூசாட் சும்பெர்’, அதாவது வள மையம் என்றிருக்கும். சில இடங்களில் சாவி தேடவே பதினைந்து நிமிடம் ஆகும். சில இடங்களில் அறை பளபளவென்று இருக்கும். சுவரில் கார்ட்டூன் ஓவியம், தரையில் வண்ணப் பாய், குளிர்சாதனம். அறையைப் பற்றி இங்கே எனக்குப் பேச்சில்லை. அறைக்குப் பரிசு உண்டு, போட்டி உண்டு, திறப்பு விழாவும் உண்டு. அலமாரிக்குத்தான் எதுவும் இல்லை. ஒரு நாவலை வாசிப்பதுபோல அலமாரியையும் வாசிக்கலாம் என்பது என் எண்ணம். அதற்கு ஆசிரியர் உண்டு. ஒருவர் அல்ல, பலர். கல்வி அமைச்சு, புத்தகம் சப்ளை செய்பவர், நன்கொடையாளர், மாறிப்போன தலைமையாசிரியர்கள், கரையான். எல்லாரும் சேர்ந்து எழுதிய தொகுப்பு அது. அப்படியானால் அதற்கும் விமர்சனம் எழுதலாமே?

தொகுப்பைக் கீழ்த்தட்டிலிருந்து வாசிப்பதே சரி. பழையது எப்போதும் கீழேதான் போகும். அங்கே 1980களின் கேபிஎஸ்ஆர் பாடத்திட்டக் காலத்துத் துணை வாசிப்பு நூல்கள் கிடக்கும். அதற்கு மேல் 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது வந்திறங்கிய ஆங்கில அறிவியல் நூல்கள், கூடவே உறை கிழிந்த குறுந்தட்டுகள். அந்தக் கொள்கையைக் கைவிட்டாகிவிட்டது. குறுந்தட்டைப் போட்டுப் பார்க்கும் கருவியும் பள்ளியில் இல்லை. ஆனால் தட்டுகள் பதிவேட்டில் எண்ணோடு உயிர்வாழ்கின்றன. அந்த அறிவியல் நூல்களில் பலவற்றில் சூரியனுக்கு இன்னும் ஒன்பது கோள்கள். புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து எடுத்தது 2006இல். ‘டீச்சர் எட்டுன்னு சொன்னாங்க, புக்குல ஒம்போதுன்னு இருக்கு’ என்று ஒரு பையன் என்னிடம் வழக்கு கொண்டுவந்தான். வழக்கில் நியாயம் இருந்தது.

நடுத்தட்டு, அதாவது பிள்ளைகளின் கண்ணுக்கு நேரான தட்டு, யுபிஎஸ்ஆர் தட்டு. 1988இல் தொடங்கிய அந்தத் தேர்வு 2021இல் ரத்தானது. அதற்கான பயிற்சி நூல்கள், மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகள், ‘நிச்சயம் ஏ’ வகைக் கையேடுகள் மட்டும் எங்கும் போகவில்லை. இருக்கிற தமிழ்ப் புத்தகங்களில் தடிமனானவை இவைதான். பாதிக்குமேல் பக்கங்களில் யாரோ ஏற்கெனவே பென்சிலால் விடை எழுதியிருப்பார்கள். தமிழில் புத்தகம் என்றால் கேள்வியும் கோடிட்ட இடமும் உள்ள பொருள் என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டால் அதைக் குறை சொல்ல முடியுமா? இல்லாத தேர்வுக்காக நல்ல தட்டு ஒன்றை இன்னும் நாம் காலி செய்யாமல் வைத்திருக்கிறோம்.

மேல்தட்டுதான் நமக்கு, இந்த இதழ் படிக்கும் நமக்கு, நெருக்கமானது. பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். அங்கே வரிசையாக, ஒரே தலைப்பில் ஐந்து பிரதி, பத்துப் பிரதி என்று மலேசியத் தமிழ் நூல்கள் நிற்கும். மரபுக் கவிதைத் தொகுப்பு, பயணக்கட்டுரை, யாரோ ஒருவரின் மணிவிழா மலர், குடும்ப நாவல். எப்படி வந்தன என்று கேட்கவே வேண்டாம். நூல் வெளியீட்டு விழா முடிந்து, மொய் உறைகள் பிரிக்கப்பட்டு, மீந்த பெட்டி வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்போது எழுத்தாளருக்கு ஞானம் பிறக்கிறது: ‘தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்துடலாம்.’ தலைமையாசிரியரோடு ஒரு படம், மறுநாள் நாளிதழில் ஒரு பத்தி. பெட்டியை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தலைமையாசிரியருக்கும் தைரியம் வராது. ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான நூல்நிலையத்தில் கள்ளக்காதலும் சொத்துத் தகராறும் உள்ள நாவல் அப்படித்தான் வந்து சேர்கிறது. நூலுக்கு வாசகன் கிடைப்பதில்லை. ஆனால் ‘500 பிரதியும் போய்விட்டது’ என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. நம் இலக்கியத்தின் சேமிப்புக் கிடங்காகப் பள்ளி நூல்நிலையத்தை நாம் பயன்படுத்துகிறோம். இதை இன்னும் மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மோசமான நூல்களோடு முடிந்துபோகிற பிரச்சினை இல்லை இது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை ஒரு பள்ளியின் மேல்தட்டில் பார்த்தேன். அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இன்னொரு பள்ளியில். ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களைப் பற்றியவை இரண்டும். இந்நாட்டுத் தமிழ்ப்பிள்ளை கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஆனால் இரண்டுமே பெரியவர்களுக்கு எழுதப்பட்டவை. பத்து வயதுப் பிள்ளை அந்தச் சாவுகளை அந்த மொழியில், அந்த நீளத்தில் வாசிக்காது. அதே வரலாற்றை அந்த வயதுக்குச் சொல்லும் மெல்லிய, படம் போட்ட ஒரு நூலை நான் பார்த்த எந்தப் பள்ளி அலமாரியிலும் காணவில்லை. பெரியவர்களுக்கான நாவலை உயரத்தில் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பதற்கும், பிள்ளைக்கு அதைச் சொல்வதற்கும் நடுவில் ஒரு முழு வேலை மிச்சமிருக்கிறது. அதை எழுத்தாளன்தான் செய்தாக வேண்டும். நூலகப் பொறுப்பாசிரியரால் முடியாது.

சரி, வேண்டாதவற்றை எடுத்துவிடலாமே என்று கேட்டால் இரண்டு சுவர்கள் எழும்பும். முதல் சுவர் பதிவேடு. பள்ளிக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரவு எண் உண்டு, முத்திரை உண்டு, பல நூலகங்களில் இருப்பதுபோல எல்லாப் புத்தகத்திலும் ஒரே எண்ணுள்ள உள்பக்கத்தில் இரகசியமாக இன்னொரு முத்திரையும் உண்டு. அது அரசாங்கச் சொத்து. எடுப்பதற்கு ‘லுப்புஸ்’ நடைமுறை இருக்கிறது. பட்டியல் எழுத வேண்டும், காரணம் எழுத வேண்டும், மேலிடத்து ஒப்புதல் வேண்டும். முடியாத காரியம் இல்லை. ஆனால் அந்தப் பாரம் ஒரு வகுப்பாசிரியர் மேல் விழுகிறது. அவரே பாடம் நடத்தி, கலைநிகழ்ச்சி பார்த்து, விளையாட்டுக்கும் பொறுப்பேற்று, மிச்ச நேரத்தில் நூல்நிலையம் பார்ப்பவர். ‘எதுக்கு சார் வம்பு, கெடக்கட்டும். ஆடிட் வந்தா எண்ணிக்கை சரியா இருக்கணும்’ என்றார் ஒரு டீச்சர். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது சுவர் அதைவிடக் கெட்டி. நாம் புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கூட்டம். சரஸ்வதி பூசைக்கு அடுக்கி வைத்துப் பொட்டு வைக்கிறோம். அச்சடித்த தமிழைக் குப்பையில் போடுவது என்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதே டீச்சர் குரலைத் தாழ்த்தி, ‘இதெல்லாம் தூக்கிப் போட்டா பாவம் இல்லையா சார்?’ என்று கேட்டார். எனக்கும் கை நடுங்கும்தான். ஆனால் இந்தப் பக்தியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். நூறு செத்த புத்தகங்களுக்கு நடுவில் உயிரோடு இருக்கும் ஐந்து புத்தகங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை எட்டு வயதுப் பிள்ளைக்குக் கிடையாது. அது நாலு முதுகைப் பார்க்கும், தூசியில் தும்மும், போய்விடும். பக்கத்திலேயே மலாய், ஆங்கிலத் தட்டுகள் வண்ணமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

நூலகத்தை வளர்கிற உயிராகப் பார்க்கச் சொன்னவர் நம் சீர்காழிக்காரர்தான். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், எஸ். ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதி அது. உயிர் வளர வேண்டுமானால் கழிவும் வெளியேற வேண்டும். வெளியேற்றாத உடம்பை நாம் ஆரோக்கியம் என்று சொல்வதில்லை. வாசகனுக்கு அவனுடைய நூல், நூலுக்கு அதன் வாசகன் என்று அவர் வைத்த மற்ற இரண்டு விதிகளையும் நம் மேல்தட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் சிரிப்பு வரும். அமெரிக்காவில் டெக்சஸ் மாநில நூலகம் 1976இலேயே கழிப்பதற்கென்று ஒரு கையேடு போட்டது. அந்த வழிமுறை கேட்கும் கேள்விகள் எளிமையானவை: தகவல் தவறா, புத்தகம் நைந்துவிட்டதா, புதிய பதிப்பு வந்துவிட்டதா, உப்புச் சப்பில்லாததா, இந்த வாசகர்களுக்குத் தொடர்பில்லாததா, வேறிடத்தில் சுலபமாகக் கிடைக்குமா. கடைசிக் கேள்வியைத்தான் நம் சூழலில் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஏனென்றால், கழிப்பது வேறு, காப்பது வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குழப்பியதால்தான் நாம் இரண்டையுமே செய்யாமல் நிற்கிறோம். தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது 1978இல். அதற்கு முந்தைய அச்சில் ‘லை’யும் ‘னை’யும் யானைத் தும்பிக்கையோடு வரும், ‘றா’, ‘னா’ எல்லாம் வேறு வடிவம். ஆண்டு 2 பிள்ளைக்கு அது வேற்று மொழி. ஆகவே அந்தக் காலத்துக் கதைப்புத்தகம் பிள்ளையின் தட்டில் இருக்கக் கூடாது. அது 1960களில் இங்கே உள்ளூர் அச்சகத்தில் அடித்த புத்தகமாக இருந்தால் குப்பைக்கும் போகக் கூடாது. இந்த நாட்டில் மிச்சமிருக்கும் கடைசிப் பிரதியாகக்கூட அது இருக்கலாம். இங்கே இப்போதுள்ள நூல் ஒப்படைப்புச் சட்டம் வந்தது 1986இல். அதற்கு முந்தைய நம் நூல்களில் எவை எங்கே இருக்கின்றன என்பதற்கு முழுமையான கணக்கு கிடைப்பது அரிது. தோட்டப் பள்ளியின் பழைய ஆண்டு மலர்கள், கையெழுத்து இதழ்கள், மாணவர் சேர்க்கைப் பதிவேடு எல்லாமே வரலாறு. தோட்டம் விற்கப்பட்டு, பள்ளி இடம் மாறும்போது லாரியில் ஏறாமல் போகும் முதல் பொருள் இதுதான். ஈழத்தவர் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கி மின்வருடி இணையத்தில் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2015இல் ஏறக்குறைய 350 தமிழ் நூல்களை மின்வடிவாக்கினார்கள். நம் பள்ளிகளில் கிடக்கும் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வேலையை இலக்கிய ஆர்வமுள்ள நாலு இளைஞர்கள் ஒரு விடுமுறையில் தொடங்கலாம். புத்தகம் எழுதுவதைவிட அது அவசரமான வேலை என்று நான் நினைக்கிறேன். அதற்காக என்னோடு சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

இப்போது, இருக்க வேண்டிய புத்தகங்கள்.

பள்ளிகள் பெரும்பாலும் தனித்தனித் தலைப்பாக வாங்குவதில்லை, ‘செட்’டாக வாங்குகின்றன. சப்ளையர் கொண்டுவரும் பட்டியலில் செட் ஒன்று, செட் இரண்டு. ஒரு செட்டுக்குள் தெனாலிராமன், பீர்பால், பரமார்த்த குரு, விக்கிரமாதித்தன், நீதிக்கதைகள், பொது அறிவு, பழமொழி. அடுத்த ஆண்டு வேறு சப்ளையர், வேறு அட்டை, அதே தெனாலிராமன். ஒரு பள்ளியில் தெனாலிராமன்களை விரல்விட்டு எண்ணினேன். ஒரு கை போதவில்லை. பானைக்குள் தலையை விட்ட அதே கதை, ஏறக்குறைய அதே வாக்கியங்கள். எழுதியவர் பெயர் இல்லை, ஓவியர் பெயர் இல்லை. வாக்கியங்கள் ‘முன்னொரு காலத்தில்’ தொடங்கி ‘எனவே நாம்’ என்று முடியும். தெனாலிராமன் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அரசனைக் கிண்டலடிக்கும் கதைகள் பிள்ளைகளுக்கு வேண்டும். ஆனால் ஒருவன் போதும். நல்ல மொழியில், நல்ல படத்தோடு ஒரே ஒரு தெனாலிராமன்.

இந்தச் செட்டுகளில் எனக்குப் படும் பெரிய குறை, அவற்றில் இந்த நாடே இல்லை என்பது. அரண்மனை உண்டு, ஆலமரம் உண்டு, குளத்தங்கரை உண்டு. பிளாட் வீட்டின் மாடிப்படி இல்லை; காலை ஆறு மணி பள்ளி வேன் இல்லை; நாசி லெமாக் பொட்டலம் இல்லை; பக்கத்து வீட்டு சீனப் பாட்டியோ எதிர்வீட்டு மலாய்ப் பையனோ இல்லை. அம்மா சிங்கப்பூருக்கு விடிகாலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் ஜொகூர்ப் பிள்ளை இல்லை. தமிழில் எழுதப்பட்டிருப்பதெல்லாம் எங்கோ, எப்போதோ நடப்பது என்ற எண்ணம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், பதினெட்டு வயதில் அதனிடம் போய் ‘மலேசியத் தமிழ் நாவல் படி’ என்று சொல்லிப் பயனில்லை.

விதிவிலக்குகள் உண்டு. கே. பாலமுருகனின் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ பிள்ளைகள் தாமாகக் கேட்டு வாங்கும் உள்ளூர் நாவல்களில் ஒன்று. அதன் அட்டை நைந்துபோய் இருப்பதைப் பார்த்தாலே தெரியும். எனக்கு அதன் மொழியில் இன்னும் சுருக்கம் வேண்டியிருக்கிறது. மர்மக்கதை என்ற வடிவமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்றும் தோன்றும். ஆனால் பயத்தோடு பக்கம் புரட்ட வைக்கும் புத்தகம் அலமாரியில் செய்யும் வேலையை ஐம்பது நீதிக்கதை சேர்ந்தாலும் செய்யாது. தமிழ்நாட்டிலும் நிலைமை பழையபடி இல்லை. சென்னையின் தூலிகா 1996இலிருந்து படநூல்கள் போடுகிறது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனது. 2023இல் பால சாகித்திய விருது பெற்றது. மறு ஆண்டு அதே விருது யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ நூலுக்கு. ‘டோட்டோ-சான்’ தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ரயில் பெட்டியில் வகுப்பும் ரயில் பெட்டியில் நூலகமும் நடத்திய பள்ளியின் கதை அது. அதை ஒரு பள்ளியில் எங்கே கண்டேன் தெரியுமா? ஆசிரியர் பயிற்சி நூல்களுக்கான பூட்டிய கண்ணாடி அலமாரியில். ‘கல்வி’ என்று வகைப்படுத்திவிட்டார்கள்.

வகைப்படுத்துதல் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் பள்ளிகள் பின்பற்றும் டூவி தசம முறை 1876இல் அமெரிக்காவில் பிறந்தது. இலக்கியத்துக்கு 800 எண்கள். 810 அமெரிக்க இலக்கியம், 820 ஆங்கிலம், 830 ஜெர்மன், இப்படியே பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பானிஷ், லத்தீன், கிரேக்கம். மிச்சமுள்ள உலகம் முழுக்க 890க்குள் நெருக்கி உட்கார வேண்டும். தமிழ் இலக்கியத்துக்கு அங்கே கிடைத்த இடம் 894.811. திருக்குறள் உரையிலிருந்து பேய்க்கதை வரை எல்லாவற்றுக்கும் தலையில் இந்த ஆறு இலக்கம். மொழியை வைத்துப் பிரிப்பதால் மலேசியத் தமிழ் நாவலுக்கும் மதுரைத் தமிழ் நாவலுக்கும் ஒரே எண்தான். தேசிய இலக்கியம் எது என்ற நம் நாட்டுச் சண்டை டூவிக்குத் தெரியாது என்பது ஒரு ஆறுதல். ஆனால் பிள்ளைக்கு இந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் தமிழ்த் தட்டு முழுக்க ஒரே எண்ணில் இருந்தால் அது முகவரியாகுமா? பெரிய நூலகங்களுக்கு அந்த எண் இருக்கட்டும், பதிவேட்டிலும் இருக்கட்டும். தட்டில் பேய், விலங்கு, சிரிப்பு, நெசமா நடந்தது என்று எழுதி ஒட்டி, நல்ல புத்தகங்களை அட்டை தெரிய நிறுத்தினால் போதும். முதுகைப் பார்த்துத் தமிழ்ப் புத்தகத்தை அடையாளம் காண முடியாது. நம் படநூல்கள் பலவற்றுக்கு முதுகே இல்லை. நடுவில் ஊசி குத்திய மெல்லிய நூல்கள்.

மெல்லிய நூல் என்றால் ‘நீலாம்’ பற்றிச் சொல்லாமல் முடியாது. 1990களின் இறுதியில் அமைச்சு தொடங்கிய வாசிப்புத் திட்டம் அது. நீலக்கல்லைக் குறிக்கும் அந்த மலாய்ச் சொல் நம் ‘நீலம்’தான் என்பது ஒரு சின்னச் சந்தோஷம். படித்த நூலைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இப்போது அது இணையப் பதிவாகிவிட்டது. எத்தனை நூல் என்பதுதான் கணக்கு. நோக்கத்தில் குறையில்லை. விளைவைப் பாருங்கள். ‘சார், சின்ன புக்கு இருக்கா? நீலாமுக்கு’ என்று கேட்கிறது பிள்ளை. நூறு பக்கப் புத்தகமும் ஒன்று, எட்டுப் பக்கப் புத்தகமும் ஒன்று என்றால் புத்திசாலிப் பிள்ளை எதை எடுக்கும்? பள்ளியும் அதைப் பார்த்து அடுத்த முறை மெல்லிய செட்டையே வாங்குகிறது. இப்படி ஒரு கணக்கு முறை மெதுவாக அலமாரியின் உருவத்தையே மாற்றிவிட்டது. ஆண்டு 5, ஆண்டு 6 பிள்ளைகள் ஒரு வாரம் தூக்கிக்கொண்டு திரியக்கூடிய தமிழ் நாவல் தட்டில் இல்லாமல் போனதற்கு எழுத்தாளர் பற்றாக்குறை மட்டும் காரணமில்லை.

பணமில்லை என்பார்கள். உண்மை. நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 150 பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகள் அவற்றில் ஏராளம். மானியம் மாணவர் தலைக்கணக்கோடு கட்டப்பட்டது. நாற்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் நானூறு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் ஒரு நல்ல படநூலின் விலை ஒன்றுதான். சென்னையிலிருந்து வரும் நூலுக்குக் கப்பல் கூலி வேறு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, பிரதம் நிறுவனம் 2015இலிருந்து ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகளைத் திறந்த உரிமத்தில் போடுகிறதே என்று சிலர் சொல்வார்கள். நல்ல விஷயம்தான், திரையில் காட்டி வகுப்பில் வாசிக்கலாம், அச்சிட்டு நூல் கோத்தும் கொடுக்கலாம். ஆனால் அங்கேயும் எதை எடுப்பது என்று யாராவது முதலில் படித்துப் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்புத் தமிழ் பல கதைகளில் கல் கடிக்கிறது.

என் கோபம் வந்து நிற்கும் இடம் இதுதான். எதை வாங்குவது என்று தெரியாத ஒரு டீச்சர் எங்கே போய்ப் பார்ப்பார்? நம் இதழ்களில் பார்க்கட்டுமே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர்களுக்கான ஒரு சுமாரான சிறுகதைத் தொகுப்புக்கு நாலு விமர்சனம், ஒரு கலந்துரையாடல், ஒரு முகநூல் சண்டை. ஒரு படநூலை எடுத்து, இதன் வாக்கியம் எட்டு வயதுக்கு ஓடுகிறதா, ஓவியம் கதைக்கு எதைச் சேர்க்கிறது, கடைசிப் பக்கத்துப் புத்திமதியைக் கிழித்துவிட்டால் கதை நிற்குமா என்று எழுதிய விமர்சனத்தை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். சிறுவர் இலக்கியம் என்றாலே ‘நல்ல முயற்சி’ என்று தட்டிக்கொடுத்து அனுப்புகிறோம். விமர்சகன் விட்ட இடத்தில் சப்ளையரின் விலைப்பட்டியல் வந்து உட்கார்ந்துகொண்டது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் ஒரு பட்டியலாவது கொண்டுவருகிறார்.

அந்த அலமாரியிலேயே ஒரு விமர்சனம் இருக்கிறது; யாரும் படிப்பதில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. எந்தப் புத்தகம் எப்போது வெளியே போனது என்று முத்திரை முத்திரையாக இருக்கும். மேல்தட்டுப் புத்தகங்களின் சீட்டுகள் வாங்கிய நாளின் வெள்ளை மாறாமல் இருக்கின்றன. சில புத்தகங்களுக்கு இரண்டாவது சீட்டு, மூன்றாவது சீட்டு. எழுத்தாளர்கள் பரிசளிப்பு விழாவுக்குப் போகும் நேரத்தில் ஒருமுறை அருகிலுள்ள பள்ளிக்குப் போய்த் தங்கள் புத்தகத்தின் சீட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.

போன ஆண்டு ஒரு சிறிய பள்ளியில் இந்த வேலையைச் செய்து பார்த்தோம். மூன்று சனிக்கிழமைகள். ஒப்புதல் வாங்கி, பட்டியல் எழுதி, பாதிக்கு மேல் எடுத்தோம். பழைய மலர்களும் உள்ளூர் நூல்களும் தனிப் பெட்டியில் போயின. மேல்தட்டு நூல்களில் நல்லவற்றைப் பக்கத்து இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகம் எடுத்துக்கொண்டது. மிஞ்சிய புத்தகங்களைப் பார்த்ததும் தலைமையாசிரியர் முகம் வாடிவிட்டது. ‘என்னாங்க சார், கடை காலியான மாதிரி இருக்கு’ என்றார். நூலக மாணவர்களிடம் தட்டுகளுக்குப் பெயர் வைக்கச் சொன்னோம். நாங்கள் எழுதிவைத்திருந்த ‘விலங்குகள்’, ‘அறிவியல்’ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அவர்களே அட்டை வெட்டி எழுதினார்கள். ‘ராத்திரி படிக்கக் கூடாது.’ ‘அழுவாச்சி வரும்.’ ‘தம்பிக்குப் படிச்சிக் காட்டலாம்.’ ஒரு தட்டில் மூன்றே மூன்று புத்தகம் இருந்தது. அதன் மேல் ஆண்டு 5 பிள்ளை ஒருத்தி ‘இதே மாதிரி இன்னும் வேணும்’ என்று எழுதி ஒட்டியிருந்தாள். அந்தத் தட்டுக்கு வாங்கப் புத்தகம் தேடிக்கொண்டிருக்கிறோம்.